மேலே வெதுவெதுப்பு, கீழே குளிர்

மார்கழி விடியலில் கும்பகோணத்துப் பக்கம் போனால் கோயில் ஒலிபெருக்கியின் வீச்சு வியக்க வைக்கும். பகலில் அடுத்த தெருவுக்கே எட்டாத அதே கருவி, நான்கரை மணிக்கு வயல்களைத் தாண்டி அடுத்த ஊர் வரைக்கும் திருப்பாவையைக் கொண்டு சேர்க்கிறது. ஊர் அடங்கிக் கிடப்பதும் ஒரு காரணம்தான். பெரிய காரணம் தலைக்கு மேலே இருக்கிறது.

வழக்கமாக உயரே போகப் போகக் காற்று குளிரும். ஒரு கிலோமீட்டருக்குச் சராசரியாக 6.5 டிகிரி செல்சியஸ். மேகமற்ற இரவில் கணக்கு மாறுகிறது. மண் தன் வெப்பத்தை வானத்துக்கு விட்டுவிட்டு வேகமாகக் குளிர்கிறது, அதை ஒட்டியிருக்கும் காற்றும் குளிர்கிறது. அதற்கு மேலுள்ள காற்றில் வெதுவெதுப்பு மிச்சமிருக்கிறது. வெப்பமான காற்றில் ஒலி சற்று வேகமாகச் செல்லும் என்பதால், மேல்நோக்கிப் போன ஒலி வளைந்து மறுபடி தரைக்கே இறங்குகிறது. வைக்கோல் எரிக்கும் புகை தென்னை உயரத்துக்குப் போய், அதற்குமேல் ஏறாமல் பக்கவாட்டில் பரவுவதும் இதே ஏற்பாட்டினால்தான். வானிலையாளர்கள் இதை வெப்பநிலைத் தலைகீழாக்கம் என்கிறார்கள்.

ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழையின் மேகங்கள் மண் விடும் வெப்பத்தை வாங்கித் திருப்பி அனுப்பிவிடுகின்றன. மேகம் கலைந்த பிறகுதான் பனி. ‘தைப் பனி தரையைத் துளைக்கும், மாசிப் பனி மச்சைத் துளைக்கும்’ என்ற பழமொழி மாதக் கணக்கைச் சரியாகவே பிடித்திருக்கிறது. ஈரம் காயாத சம்பா வயல்கள் நீராவி கொடுக்க, 20 டிகிரியை ஒட்டிய குளிரிலேயே மூடுபனி இறங்கிவிடும். இரவு முழுக்க இலை நனைந்தே இருந்தால் நெல்லைத் தாக்கும் பூஞ்சை நோயான குலைநோய் வருமோ என்பது விவசாயியின் கவலை.

கனடாவின் மாண்ட்ரியல் நகரம் 1998 ஜனவரியில் சிக்கியதும் இதே மேல்சூடு, கீழ்க்குளிர் அமைப்பில்தான். அங்கே கீழ்க்காற்று பூஜ்யத்துக்கும் கீழே இருந்தது. செயின்ட் லாரன்ஸ் ஆற்றுப் பள்ளத்தாக்கு வழியாக வடகிழக்கிலிருந்து வந்த குளிர்காற்று தரையோடு தேங்கிவிட்டது. மெக்சிகோ வளைகுடாவிலிருந்து வந்த ஈரமான வெப்பக்காற்று அதன் மேல் ஏறிப் படர்ந்தது. உயரத்தில் பனித்துகளாகப் பிறந்தவை இந்த வெப்ப அடுக்கில் உருகி மழைத்துளிகளாயின. தரையை ஒட்டிய குளிர் அடுக்கு மெல்லியது. மறுபடி உறைய நேரம் போதவில்லை. பூஜ்யத்துக்குக் கீழே குளிர்ந்தும் நீராகவே விழுந்த துளி, எதையாவது தொட்டதும் உறைந்தது. இதுதான் உறைமழை. குளிர் அடுக்கு இன்னும் தடிமனாக இருந்திருந்தால், துளிகள் வழியிலேயே உறைந்து பனிக்கட்டி மணிகளாகக் கொட்டியிருக்கும். அவை தரையில் தெறித்து ஓடிவிடும்; பெரிய சேதம் இல்லை.

தொட்டவுடன் உறைகிறது என்று சொன்னாலும், முழுத் துளியும் அப்படி உறைந்துவிடாது. ஒரு கிராம் நீர் உறையும்போது 80 கலோரி வெப்பம் வெளியாகிறது. மைனஸ் 4 டிகிரியில் விழும் துளியில் இருபதில் ஒரு பங்கு உறைந்ததுமே, வெளியான வெப்பம் மீதி நீரைப் பூஜ்யத்துக்கு ஏற்றிவிடும். அந்த நீர் வழிந்து, கம்பியைச் சுற்றிப் படர்ந்து, நிதானமாக உறைகிறது. நிதானமாக உறைவதால் உள்ளே காற்றுக் குமிழ்கள் அதிகம் சிக்குவதில்லை. கண்ணாடிபோலத் தெளிவான, கெட்டியான, கனமான பனிக்கட்டி உருவாகிறது.

கனம் எவ்வளவு? இரண்டரை சென்டிமீட்டர் குறுக்களவுள்ள மின்கம்பியைச் சுற்றி 3 சென்டிமீட்டர் தடிமனுக்குப் பனிக்கட்டி படிந்தால், மீட்டருக்கு ஏறத்தாழ 4.75 கிலோ கூடும். இரு கோபுரங்களுக்கு இடையே 300 மீட்டர் என்றால் ஒரு கம்பியில் மட்டும் 1.4 டன்! மாண்ட்ரியல் வட்டாரத்தில் 1,000-க்கும் மேற்பட்ட எஃகு மின்கோபுரங்கள் மடிந்து விழுந்தன. 30 லட்சத்துக்கும் மேற்பட்டோர் இருளில் கிடந்தனர். 2018 நவம்பரில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் மின்கம்பங்களைச் சாய்த்தது காற்றின் வேகத்தால். மாண்ட்ரியலில் சூறைக்காற்றே தேவைப்படவில்லை, பனிக்கட்டியின் எடை போதும்.

டெல்டாவில் உறைமழை பெய்ய வழியில்லை. நம் மேகங்களின் உச்சியிலும் பனிக்கட்டித் துகள்கள் உண்டு. ஆனால் பூஜ்ய டிகிரி மட்டம் இங்கே ஏறத்தாழ 5 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கிறது. அதற்குக் கீழே முழுக்க வெப்பக்காற்று. கோடை இடிமழையின் ஆலங்கட்டிகூடப் பெரும்பாலும் கரைந்தே வந்து சேர்கிறது.

அப்படியானால் புல்வெளி வெள்ளையாக உறையும் ஊட்டியில்? அங்கும் இல்லை. உறைபனிக்குத் தெளிந்த வானம் வேண்டும், மழைக்கோ மேகம் வேண்டும். மேகம் சூழ்ந்துவிட்டால் நீலகிரி இரவும் அந்த அளவுக்குக் குளிராது. இரண்டும் சேர்ந்து நடக்க, உள்ளூர் மண்ணின் குளிர் போதாது. துருவப் பக்கத்துக் குளிர்காற்று தரையோடு தரையாக வந்து சேர வேண்டும். வட அமெரிக்காவில் அந்தக் காற்றைக் குறுக்கே நின்று தடுக்கக் கிழக்கு மேற்காக ஓடும் பெரிய மலைத்தொடர் கிடையாது. இங்கே இமயமலை நிற்கிறது.