வினைச்சொல்லின் அடையாளம் செயல் அல்ல, காலம்

யாழ்ப்பாணத்தில் சாதாரண தரப் பரீட்சைக்கு ஆயத்தமாகும் பிள்ளைகளிடம் ஆங்கிலத்தில் வேர்ப் என்றால் என்ன என்று கேட்டால், "செயலைக் குறிக்கும் சொல்" என்று ஒரே மூச்சில் பதில் வரும். சரி, அப்படியானால் 'அக்சிடென்ட்' வேர்ப்பா? அதிலும் ஏதோ நடக்கத்தானே செய்கிறது. மறுபக்கம் 'நோ' (அறிதல்), 'பிலோங்', 'இஸ்' ஆகியவற்றில் யாரும் எதுவும் செய்வதாகத் தெரியவில்லை. மூன்றும் வேர்ப்தான்.

வேடிக்கை என்னவென்றால், தமிழ்ப் பாடத்தில் இதே பிள்ளைகள் 'ஓட்டம்' பெயர், 'ஓடினான்' வினை என்று பிசகாமல் சொல்வார்கள். வினை வேற்றுமை ஏற்காது, காலம் காட்டும் என்று தொல்காப்பியம் எப்போதோ சொல்லிவிட்டது. நாவலர் பிறந்த ஊரில் அதை நான் விளக்க வேண்டியதில்லை. காலம் காட்டும் என்ற அந்தப் பாதி ஆங்கிலத்துக்கும் நன்றாகப் பொருந்தும். வசனத்தில் 'நேற்று' என்பதைச் சேர்த்தால் எந்தச் சொல் மாறுகிறது என்று பார்த்தால் போதும்.

'தே வோட்டர் த அனியன்ஸ்' என்பதை நேற்றுக்குக் கொண்டுபோனால் 'வோட்டர்ட்' ஆகிவிடும். எங்கள் கிணறுகளைப் பற்றி 'த வோட்டர் இஸ் சோல்ட்டி' என்று சொன்னால், 'வோட்டர்' அசையாது; 'இஸ்' மட்டும் 'வொஸ்' ஆகும். ஆக, முதல் வசனத்தில் வேர்ப்பாக இருந்தது இரண்டாவதில் நவுன். தனிச்சொல்லைப் பார்த்து இனம் சொல்ல முடியாத மொழி இது. அதனால்தான் ரியூசனில் கொடுக்கும் நீண்ட வேர்ப் பட்டியல்களைப் பாடமாக்குவதில் எனக்கு அவ்வளவு நம்பிக்கை இல்லை. 

விடுமுறைக் கடிதங்களில் அடிக்கடி வரும் ஒரு வசனம்: 'மை கிராண்ட்பாதர் இஸ் டெட் யெஸ்டர்டே.' பிள்ளைக்கு 'டெட்' என்பதில் இறந்தகாலம் கேட்கிறது. கடைசி 'ட்' செய்யும் மாயம் அது. உண்மையில் 'டெட்' அட்ஜெக்டிவ். இறந்தபின் உள்ள நிலையைத்தான் சொல்லும். நேற்று நடந்ததைச் சொல்ல 'டை' என்ற வேர்ப்பிலிருந்து வரும் 'டைட்' வேண்டும். முன்னால் 'இஸ்' தேவையில்லை. 'டெத்' என்றால் நவுன்.

'ஐ ஆம் அக்ரீ' என்பதும் இந்த வகைதான். இதன் வேர் தமிழில் இருக்கிறது. 'அவர் ஆசிரியர்' என்பது வினையே இல்லாமல் நிறைவான தமிழ் வசனம். அந்தப் பழக்கத்தில் பிள்ளை முதலில் 'ஹீ ரீச்சர்' என்று எழுதும். நாங்கள் 'இஸ்' போடு, 'ஆம்' போடு என்று சிவப்பு மையால் திருத்தித் திருத்தி, கடைசியில் அது எல்லா இடத்திலும் 'இஸ்', 'ஆம்' தூவத் தொடங்கிவிடும். 'அக்ரீ' தானே வேர்ப் என்பதை யாரும் சொல்லிக்கொடுத்திருக்க மாட்டார்கள். எதிர்மறையாக்கிக் காட்டுங்கள்: 'ஐ டோன்ட் அக்ரீ' சரிவரும், 'ஐ டோன்ட் ஹாப்பி' சரிவராது. 'ஹாப்பி' அட்ஜெக்டிவ் என்பதால் அதற்குத்தான் 'ஆம்' வேண்டும்.

'இங்' என்று முடிந்தால் வேர்ப் என்பதும் பாதி உண்மைதான். 'சுவிமிங் இஸ் குட் எக்சசைஸ்' என்பதில் நேற்றுக்கு மாறுவது 'இஸ்'தான். 'சுவிமிங்' நவுனின் வேலையைச் செய்கிறது. 'ரெக்கோர்ட்' போன்ற சில சொற்களை உச்சரிப்பே காட்டிக்கொடுக்கும்: முதல் அசையை அழுத்தினால் நவுன், இரண்டாவதை அழுத்தினால் வேர்ப்.

'நேற்று' சோதனைக்கும் சில சொற்கள் தண்ணீர் காட்டும். 'கட்', 'புட்', 'ஹிட்' ஆகியவை நேற்றும் இன்றும் ஒரே வடிவம்தான். அவற்றுக்கு முன்னால் 'டிடின்ட்' போட்டுப் பார்க்கலாம். 'ஐ டிடின்ட் கட் த ட்ரீ' என்று இடறாமல் வந்தால், அங்கே 'கட்' வேர்ப். 'மஸ்ட்' போன்றவை அதற்கும் மசியாது. ஆனால் அவை கைவிரலில் எண்ணக்கூடியவை. அந்தச் சின்னப் பட்டியலை மட்டும் பாடமாக்கச் சொல்வதில் எனக்கு ஆட்சேபனை இல்லை.