கேம்கார்டர் கேசட்: முதலில் முழுதாக எடுங்கள், அப்புறம் சுருக்குங்கள்

பழைய கேசட்டைக் கணினிக்கு மாற்ற வருபவர்கள் என்னிடம் முதலில் சொல்வது, "ஃபைல் சின்னதா இருந்தா போதும்" என்பதுதான். நியாயமான ஆசை. ஆனால் டேப்பிலிருந்து எடுக்கும்போதே சின்னதாக எடுக்கக் கூடாது. எடுப்பது ஒரு வேலை, சுருக்குவது வேறு வேலை. இரண்டையும் ஒன்றாகச் செய்யப்போய்த்தான் பலர் படத்தைக் கெடுத்துக்கொள்கிறார்கள்.

முன்பே எங்கேயோ மாற்றி வைத்த கல்யாண வீடியோவைச் சிலர் கொண்டுவருவார்கள். அளவு 320×240. முகங்கள் கட்டம் கட்டமாகத் தெரியும். கேசட் எங்கே என்று கேட்டால், மாற்றியாச்சே என்று தூக்கிப் போட்டிருப்பார்கள். அப்போது அழிந்த நுணுக்கத்தை எந்த மென்பொருளாலும் மீட்டுத்தர முடியாது.

1995-இல் வந்த மினிடிவி (MiniDV) கேசட்டில் படம் ஏற்கெனவே டிஜிட்டலாகத்தான் இருக்கிறது. படத்துக்கு மட்டும் நொடிக்கு 25 மெகாபிட். ஒலியும் சேர்ந்தால் ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 13 ஜிபி. கேமராவையும் கணினியையும் இணைக்கும் ஃபயர்வயர் (FireWire) கேபிள் வழியாக எடுத்தால் அந்தத் தரவு அப்படியே கணினிக்கு நகலாகும், தரம் துளியும் குறையாது. கேமராவில் யூஎஸ்பி துளையும் இருக்கிறதே என்று அதில் சொருகாதீர்கள். பல மாடல்களில் அது மெமரி கார்டில் உள்ள புகைப்படங்களுக்கும் மங்கலான வெப்கேம் படத்துக்கும் மட்டும்தான். ஒரு முனை ஃபயர்வயர், மறுமுனை யூஎஸ்பி என்று விற்கும் சாதாரணக் கேபிளும் வேலைக்கு ஆகாது. டெஸ்க்டாப்பில் ஃபயர்வயர் கார்டு போடலாம், அல்லது அந்தத் துளை உள்ள பழைய கணினியைத் தேடிப் பிடிக்கலாம். எடுக்கும் மென்பொருளுக்கு விண்டோஸில் விண்டிவி (WinDV), லினக்ஸில் டிவிகிராப் (dvgrab) போதும்.

வீடியோ8, ஹை8, விஎச்எஸ்-சி எல்லாம் அனலாக். அவற்றுக்கு, அந்தப் படத்தை டிஜிட்டலாக்கிக் கணினிக்குத் தரும் கேப்சர் கருவி வேண்டும். கேமராவில் எஸ்-வீடியோ துளை இருந்தால் படத்துக்கான வழக்கமான மஞ்சள் கம்பியை விட்டுவிட்டு அதையே பயன்படுத்துங்கள், நிறம் சுத்தமாக வரும். சில டிஜிட்டல்8 கேமராக்கள் ஹை8 கேசட்டையும் ஓட்டி ஃபயர்வயரில் தரும். அப்படி ஒன்று கிடைத்தால் வேலை பாதியாகக் குறையும்.

ஓட்டுவதற்கு முன் கேசட்டின் பாதுகாப்புப் பொத்தானை 'சேவ்' பக்கம் தள்ளிவிடுங்கள். தவறிப்போய் மேலே பதிவாகாது. ஒருமுறை கடைசிவரை ஓட்டி, திரும்பச் சுற்றுங்கள். படத்தில் சதுரச் சதுரமாக உடைசல் வந்தால் தொடர்ந்து ஓட்டாமல் நிறுத்தி, ஹெட் கிளீனர் கேசட் போட்டுச் சுத்தம் செய்துவிட்டு அந்தப் பகுதியை மறுபடி எடுங்கள். சேமிக்கும் டிஸ்க் ஃபேட்32 முறையில் இருந்தால் ஒரே ஃபைல் 4 ஜிபியைத் தாண்ட முடியாது, எக்ஸ்ஃபேட்டுக்கோ என்டிஎஃப்எஸ்ஸுக்கோ மாற்றிக்கொள்ளுங்கள்.

சரி, இப்போது சுருக்கலாம். இலவசமாகக் கிடைக்கும் ஹேண்ட்பிரேக் (HandBrake) மென்பொருளில் எச்.264 (H.264) என்ற சுருக்கும் முறையைத் தேர்ந்து, தர எண்ணை 18 முதல் 20-க்குள் வையுங்கள். சராசரி நொடிக்கு 5 மெகாபிட் வந்தால் ஒரு மணி நேரம் சுமார் 2.25 ஜிபி. பார்ப்பவர் கண்ணுக்கு மூலத்துக்கும் இதற்கும் வித்தியாசம் பெரிதாகத் தெரியாது. 1920×1080 ஆகப் பெரிதாக்க வேண்டாம், டேப்பில் இல்லாத விவரம் வராது, ஃபைல்தான் வீங்கும்.

பலர் கோட்டை விடும் இடம் ஒன்று உண்டு. கேம்கார்டர் ஒவ்வொரு ஃபிரேமையும் ஒற்றை வரிகள், இரட்டை வரிகள் என்று இரண்டு பாதியாகப் பதிவு செய்கிறது. நம் ஊரில் வழக்கமான பால் (PAL) வீடியோ முறையில் நொடிக்கு 50 பாதிகள். அதை அப்படியே சுருக்கினால், ஓடும் குழந்தையின் கைகால் ஓரத்தில் சீப்புப் பல் போல வரிகள் தெரியும். இந்தப் பாதிகளை முழு ஃபிரேமாக்கும் டீஇன்டர்லேஸ் (Deinterlace) அமைப்பில் 'பாப்' (Bob) முறையைத் தேர்ந்து 50 ஃபிரேமாக எடுங்கள். 25 ஆக எடுத்தால் வரிகள் போய்விடும், ஆனால் அசைவின் இயல்பான ஓட்டமும் பாதி போய்விடும்.

இருட்டில் எடுத்த காட்சிகளில் புள்ளி புள்ளியாக இரைச்சல் இருக்கும். மென்பொருள் அதையும் படம் என்றே எடுத்துக்கொண்டு இடம் ஒதுக்கும், அளவு எகிறும். இரைச்சலை நீக்கும் அமைப்பை (Denoise) லேசாகப் போட்டால் கணிசமாகக் குறையும். கூடுதலாகப் போட்டால் முகம் மெழுகு பூசியதுபோல ஆகிவிடும், பார்த்துச் செய்யுங்கள். தரையைப் படம் பிடித்த பத்து நிமிடத்தை வெட்டுவதும் நல்ல வழிதான், ஆனால் வெட்டுவது நகலில் மட்டும்.

13 ஜிபி மூல ஃபைலை அழிக்காதீர்கள். இரண்டு டிஸ்க்கில் வைத்து, ஒன்றை வேறு இடத்தில் வையுங்கள். முழுப் படத்தையும் ஒருமுறை உட்கார்ந்து பார்த்து, ஒலி கடைசிவரை படத்தோடு ஒட்டி வருகிறதா என்று உறுதிசெய்யும்வரை கேசட் உங்கள் கையிலேயே இருக்கட்டும்.