பெரிய வீட்டுக்குப் பெரிய விறகு அடுப்பா?

கனடாவின் ஒன்ராறியோவில் விறகு அடுப்பும் புகைபோக்கியும் பொருத்துவதும் பரிசோதிப்பதும் என் தொழில். குளிர் தொடங்கினால் எனக்குப் போன் ஓயாது. லின்ட்சே, பீற்றர்பரோ பக்கம் பெரிய வீடு வாங்கிப் போன நம் ஆட்கள்தான் பலர். 2013 டிசம்பரில் பெய்த உறைபனி மழையில் நாட்கணக்காகக் கரண்ட் இல்லாமல் கிடந்ததை யாரும் மறக்கவில்லை. கரண்ட் போனாலும் வீட்டில் சூடு இருக்க வேண்டும் என்று விறகு அடுப்பு தேடுகிறார்கள். நியாயமான ஆசை. ஆனால் வருகிற கேள்வி எப்போதும் ஒன்றுதான்: "நாலாயிரம் சதுர அடி வீடு. ஆகப் பெரிய அடுப்பு எது?"

போன தை மாதம் அப்படி ஒரு வீட்டுக்குப் போனேன். அடுப்பு பேஸ்மென்றில் இருந்தது. நாலு கன அடிக்கும் மேற்பட்ட தீயறை. புகைபோக்கி வடக்குச் சுவருக்கு வெளியே, வெயிலே படாத பக்கமாக ஏறியிருந்தது. அடுப்பின் கண்ணாடிக் கதவு கறுத்துப்போய், உள்ளே ஒன்றும் தெரியவில்லை. புகைபோக்கியின் அடி மூடியைக் கழற்றி ரோச் அடித்துப் பார்த்தேன். தார் உருகி இறுகியதுபோல உள்ளே பளபளவென்று ஒரு பூச்சு. சுரண்டினால் வரவில்லை. தட்டியதும் கண்ணாடிச் சில்லுப்போல உடைந்து விழுந்தது. இதுதான் கிரியோசோட்.

இது எப்படி வந்தது? அவ்வளவு பெரிய அடுப்பை நன்றாக எரியவிட்டால் அந்த அறையில் இருக்க முடியாது, வேர்த்துக் கொட்டும். உடனே காற்று வரும் வழியை அடைத்துவிடுவார்கள். தீ கொழுந்துவிடாமல் மணிக்கணக்காகப் புகையும். எரியாத தாரும் நீராவியும் கலந்த அந்தப் புகை, குளிர்ந்த புகைபோக்கியில் பட்டுப் படியும். பிறகு ஒருநாள் அடுப்பை முழுவீச்சில் எரித்தால் அந்தப் படிவே பற்றிக்கொள்ளும். புகைபோக்கிக்குள் சூடு 1,100 பாகை செல்சியசைத் தாண்டக்கூடும்.

விறகு அடுப்பு தான் இருக்கிற இடத்தையும் அதைச் சுற்றியுள்ள அறைகளையும்தான் சூடாக்கும். மிச்சச் சூடு படிக்கட்டு வழியாக மேலே போகும். தூரத்துப் படுக்கையறைக்கு, வீடு முழுக்கச் சூடு அனுப்பும் ஃபேர்னஸ் வேண்டியதுதான், அதைக் கழற்றாதீர்கள். பெரிய வீட்டுக்கும் நான் பெரும்பாலும் தீயறை 2 முதல் 3 கன அடிக்குள் உள்ள அடுப்பைத்தான் சொல்வேன். அதுவும் நீங்கள் நாள் முழுக்கப் புழங்குகிற மாடியில், நடுவில். அது போதாது என்று தோன்றினால், அடுப்பைப் பெரிதாக்காமல் கூரைக்குக் கீழே இன்சுலேஷன் போடுங்கள், ஜன்னல் இடுக்குகளை அடையுங்கள். சான்றுத் தகடு இல்லாத பழைய அடுப்பு மலிவாகக் கிடைக்கிறது என்று வாங்காதீர்கள். சான்று பெற்ற அடுப்பில் எவ்வளவு இடைவெளி விடவேண்டும் என்பது தகட்டிலேயே இருக்கும். சான்று இல்லாததற்கு மரச்சுவரில் இருந்து 1,200 மில்லிமீற்றர் விடவேண்டும். அறையில் பாதி அதற்கே போய்விடும்.

அந்த வீட்டில் என்னை உண்மையில் பயப்படுத்தியது வேறொன்று. அடுப்பு இருந்த அதே பேஸ்மென்றில் இரண்டாவது குசினி. மீன் பொரிக்கிற மணம் மேலே போகாமல் இருக்கச் சக்திவாய்ந்த ஹூட் ஒன்று பூட்டியிருந்தார்கள். நம் வீடுகளில் வழக்கம்தான். அடுப்பில் அப்போது தணல் மட்டும் இருந்தது. "அக்கா, ஒரு ஊதுபத்தி தாங்கோ" என்றேன். சாமி அறையில் இருந்து கொண்டுவந்து கொடுத்தார். அடுப்புக் கதவை ஒரு விரல் அளவு திறந்து பத்தியைப் பிடித்தேன். புகை மெல்ல உள்ளே போனது. "இப்ப ஹூட்டைப் போடுங்கோ." அரை நிமிடம்கூட ஆகவில்லை, பத்திப் புகை திரும்பி என் முகத்துக்கு வந்தது.

"என்ன தம்பி, புகை வெளியால வருது?"

ஹூட் நிமிடத்துக்கு நூற்றுக்கணக்கான கன அடிக் காற்றை வெளியே தள்ளுகிறது. இறுக்கமாகக் கட்டிய வீட்டில் அந்தக் காற்று எங்கிருந்தாவது உள்ளே வந்தாக வேண்டும். குளிர்ந்துபோன புகைபோக்கிதான் அதற்கு லேசான வழி. போதாததற்கு, குளிர்காலத்தில் வீட்டுச் சூடு மேலே ஏறுவதால் பேஸ்மென்றில் காற்றழுத்தம் ஏற்கெனவே குறைவு. தணலில் புகை தெரியாது, ஆனால் கார்பன் மொனொக்சைட் வரும். அதற்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. அந்த அக்காவின் பேரப்பிள்ளைகள் பக்கத்து அறையில் படுக்கிறார்கள் என்று கேட்டபோது எனக்குக் கை குளிர்ந்துவிட்டது.

2008இல் உட்ஸ்ரொக் நகரில் புகைவழி அடைபட்டு ஒரு குடும்பத்தில் நாலு பேரும் இறந்துபோனார்கள். அங்கே இருந்தது கேஸ் கணப்பு. ஆனால் கொன்றது இதே வாயுதான். அவர்கள் பெயரில் வந்த ஹாக்கின்ஸ்-கிக்னாக் சட்டத்துக்குப் பிறகு, படுக்கையறைகளுக்கு அருகே இந்த வாயுவுக்கான அலாரம் ஒன்ராறியோவில் கட்டாயமாயிற்று. 2026 ஜனவரி முதல் ஒவ்வொரு மாடியிலும் ஒன்று இருக்கவேண்டும் என்றும் விதி வந்துவிட்டது. தவறாமல் வையுங்கள்.

பொருத்துவதற்கு முன் மாநகர அலுவலகத்தில் பெர்மிற் எடுங்கள். காப்புறுதிக் கம்பனி பெரும்பாலும் விறகு அடுப்பு வேலைக்கான 'வெற்' (WETT) சான்றுள்ளவரின் பரிசோதனை அறிக்கையைக் கேட்கும். புகைபோக்கி வீட்டுக்குள்ளாகவே நேராக மேலே போகட்டும். கூரையை விட்டு வெளிவரும் இடத்தில் இருந்து குறைந்தது 900 மில்லிமீற்றர் உயரம் வேண்டும். 3 மீற்றருக்குள் இருக்கும் கூரைப் பகுதி எதையும்விட 600 மில்லிமீற்றர் உயர்ந்தும் நிற்கவேண்டும். தரையில் அடுப்புக் கதவுப் பக்கம் 450, மற்றப் பக்கங்களில் 200 மில்லிமீற்றருக்குத் தீப்பிடிக்காத தளம் போடவேண்டும்.

அப்புறம் விறகு. விறகு அளக்கும் கணக்கான 'கோர்ட்' (cord) என்று விலை சொன்னால் எந்தக் கோர்ட் என்று கேளுங்கள். புஷ் கோர்ட் என்பது 128 கன அடி. ஃபேஸ் கோர்ட் அதில் மூன்றில் ஒன்றுதான். ஈரம் 20 சதவீதத்துக்குக் கீழே இருக்கவேண்டும். ஈரம் அளக்கும் மீற்றரை மேற்பட்டையில் குத்தாதீர்கள், கட்டையைப் பிளந்து உள்முகத்தில் குத்திப் பாருங்கள். ஓக் என்றால் பிளந்து அடுக்கி இரண்டு கோடை காய விடுங்கள். சாம்பலை மூடியுள்ள உலோக வாளியில் அள்ளி வெளியே, வீட்டை விட்டுத் தள்ளி வையுங்கள். கராஜில் வேண்டாம், உள்ளே தணல் நாட்கணக்கில் உயிரோடு இருக்கும்.

அந்த வீட்டுப் பெரிய அடுப்பைக் கழற்றிவிட்டோம். மேல் மாடி இருப்பறையில் இரண்டரைக் கன அடி அடுப்பு ஒன்று வைத்து, புகைபோக்கியைக் கூரைக்கு நேராக எடுத்தோம். கீழே ஹூட் போடும்போது குசினி ஜன்னலை நாலு விரல் திறந்து வைக்கவேண்டும் என்று சுவரில் எழுதி ஒட்டிவிட்டு வந்தேன். ஹூட்டுக்கு ஈடாக வெளிக்காற்று தரும் குழாய் வரும் கோடையில் போடுகிறோம்.