அணைத்து வைத்த டிரேசிங்குக்கும் செலவு உண்டு

கூட்டம் மிகுந்த நேரத்தில் ஒரு சர்வர் திடீரென்று மந்தமாகிறது. டிஸ்க் காரணமா, நெட்வொர்க் காரணமா, இரண்டு நிரல்கள் ஒரே லாக்குக்காக (ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் உள்ளே விடும் பூட்டு) காத்துக் கிடக்கின்றனவா என்று வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. நிறுத்திவிட்டு ஆராயலாம் என்றால், நிறுத்தியதுமே கோளாறும் காணாமல் போய்விடும். ஆகவே ஓடும் ஓட்டத்திலேயே இயங்குதளத்தின் உள்ளே நடப்பதைப் பதிவு செய்ய வேண்டியிருக்கிறது. இதைத்தான் டிரேசிங் என்கிறார்கள். இப்படி ஒரு வசதி வேண்டாம் என்று யாரும் சொல்வதில்லை. அதைப் பயன்படுத்தாதவர்கள் அதற்காக எவ்வளவு விலை கொடுக்க வேண்டும் என்பதில்தான் சண்டை.

2005 ஜனவரியில் சன் நிறுவனத்தின் இயங்குதளமான சோலாரிஸ் 10 வெளிவந்தபோது, அதில் டிடிரேஸ் என்ற கருவி இருந்தது. பிரையன் கான்ட்ரில், மைக் ஷாப்பிரோ, ஆடம் லெவென்தால் ஆகிய மூவரும் அதை உருவாக்கினார்கள். இயக்கினால் இயங்குதளத்தின் மையமான கெர்னலின் எந்த மூலையையும் பார்க்கலாம், அணைத்து வைத்தால் செலவே கிடையாது என்பது அவர்கள் வைத்த விதி. கடினமான விதி அது. லினக்ஸ் உலகமும் அதே விதியைத்தான் கையில் எடுத்துக்கொண்டது.

சாதிப்பது எப்படி? நிரலை இயந்திரக் கட்டளைகளாக மாற்றும் ஜிசிசி கம்பைலரிடம் சொன்னால், நிரலின் சிறு பகுதியான ஒவ்வொரு ஃபங்ஷனின் தொடக்கத்திலும் எம்கவுன்ட் என்ற சிறு ஃபங்ஷனுக்கு ஓர் அழைப்பைச் செருகிவிடும். லினக்ஸ் கெர்னலில் இப்படிப் பல்லாயிரம் இடங்கள் வரும். அந்த எம்கவுன்ட் ஒன்றுமே செய்யாமல் வெறுமனே திரும்பி வந்தாலும், வேகத்தில் சுமார் 13 சதவீதம் போய்விடுகிறது என்று லினக்ஸின் டிரேசிங் கருவியான எஃப்டிரேஸை எழுதிய ஸ்டீவன் ராஸ்டெட் சொல்லியிருக்கிறார். பார்க்காத ஒன்றுக்காக யார் 13 சதவீதம் தருவார்கள்? ஆகவே கெர்னல் எழுந்திருக்கும்போதே அந்த அழைப்புகளை எல்லாம் தேடிப்பிடித்து, ‘எதுவும் செய்யாதே’ என்று பொருள்படும் நோப் கட்டளையாக மாற்றி எழுதிவிடுகிறது. எக்ஸ்86 பிராசஸரில் ஓர் அழைப்புக்கு 5 பைட் ஆகும். அதே 5 பைட் நீளத்தில் ஒற்றை நோப் ஒன்றும் இருப்பதால் காரியம் கச்சிதமாக முடிகிறது.

கணக்குப் பார்த்தால் இதுவும் பூஜ்யம் அல்ல. ஐந்து ஐந்து பைட்டாகச் சேர்ந்து, பிராசஸரின் வேக நினைவகமான கட்டளை கேஷில் இடம் பிடிக்கும். ஆனாலும் அளந்து பார்த்தால் கண்ணில் படாத அளவுதான்.

கெர்னல் நிரலாளர்கள் கையால் பொறுக்கி வைக்கும் டிரேஸ்பாயின்டுகளின் கதை இன்னும் சுவாரசியம். ஒரு பிராசஸ் (ஓடும் நிரல்) போய் இன்னொன்று வருகிற இடம், டிஸ்க்குக்கு வேலை அனுப்பும் இடம் போன்றவற்றில் இவை நிற்கும். 2008 இறுதியில் வந்த 2.6.28 கெர்னலில் இவை சேர்ந்தன. ஒவ்வொன்றிலும் ‘என்னை யாராவது பார்க்கிறார்களா?’ என்று நினைவகத்தில் ஒரு மாறியைப் படித்துச் சோதிக்கும் ஓர் இஃப் இருந்தது. ஒன்று இருந்தால் பொருட்டில்லை. அடுத்து எந்த பிராசஸ் ஓட வேண்டும் என்று முடிவு செய்யும் ஷெட்யூலர் போன்ற பரபரப்பான பாதையில் வரிசையாக வந்தால், அந்தப் பகுதியைப் பராமரிப்பவருக்கு எரிச்சல் வரத்தானே செய்யும்? 2010இல் வந்த ஜிசிசி 4.5 ஒரு புதிய வசதியைத் தந்தது. அதை வைத்து 2.6.37 கெர்னல் அந்த இஃப்பையே எடுத்துவிட்டது. அதன் இடத்தில் சோதனை எதுவும் இல்லாமல் மறுபடியும் ஒரு நோப். டிரேசிங்கை இயக்கும்போது, ஓடிக்கொண்டிருக்கும் கெர்னலின் கட்டளையையே, வேறிடத்துக்குத் தாவச் சொல்லும் ஜம்ப்பாகத் திருத்தி எழுதுகிறார்கள்.

ஓடும் கட்டளையைத் திருத்துவது விளையாட்டில்லை. பாதி எழுதியிருக்கும்போது பிராசஸரின் இன்னொரு கோர் அதைப் படித்தால், முன்பாதி புதிதும் பின்பாதி பழையதுமாக எதையோ இயக்கிவிடும். அதனால் முதல் பைட்டில் மட்டும், ஓட்டத்தை இடைமறிக்கும் ஒரு பிரேக்பாயின்டை வைப்பார்கள். அந்த நேரத்தில் அங்கே வந்து விழும் கோரை கெர்னல் பிடித்து, சரியான வழியில் அனுப்பிவிடும். எல்லா கோர்களையும் ஒருமுறை ஒத்திசைத்து, மீதி 4 பைட்டை எழுதி, மறுபடி ஒத்திசைத்து, கடைசியில் முதல் பைட்டை மாற்றுவார்கள். அணைத்திருக்கும்போது மிச்சம் பிடித்த அந்த இஃப்புக்காக இவ்வளவு சிக்கலை விலையாகக் கொடுத்திருக்கிறார்கள். கொடுத்தது சரிதான் என்பது என் கருத்து. ஆனால் இந்தச் செலவு எந்த வேகச் சோதனையிலும் தென்படாது.

சிக்கலுக்கு என்ன விலை என்று 2008இலேயே ஒரு கசப்பான பாடம் கிடைத்திருந்தது. 2.6.27 கெர்னலின் சோதனைப் பதிப்புகளை ஓட்டியவர்கள் சிலருக்கு, இன்டெல்லின் இ1000இ வகை நெட்வொர்க் கார்டு திடீரென்று வேலை செய்யாமல் போனது. கார்டில் உள்ள நிரந்தர நினைவகத்தின் உள்ளடக்கமே சிதைந்திருந்தது. கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டாலும் சரியாகவில்லை. எல்லோரும் முதலில் இன்டெல் டிரைவரைத்தான் சந்தேகித்தார்கள். டிரேசிங்கை யார் நினைப்பார்கள்?

குற்றவாளி எஃப்டிரேஸ்தான். அப்போதைய எஃப்டிரேஸ், அழைப்பு இருந்த இடங்களின் முகவரிகளை ஓட்டத்தின்போதே குறித்துக்கொண்டு, நொடிக்கொரு தரம் விழித்து அவற்றை நோப்பாக மாற்றும். இடையில் ஒரு மாட்யூலின் (தேவைப்படும்போது கெர்னலில் ஏற்றும் துண்டு) தொடக்கக் குறிமுறை வேலை முடிந்து விடுவிக்கப்பட, அதே முகவரிக்கு நெட்வொர்க் கார்டின் நிரந்தர நினைவகமான ஃபிளாஷ் வந்து அமர்ந்திருந்தது. எஃப்டிரேஸ் கண்ணை மூடிக்கொண்டு எழுதிவிடவில்லை. ‘பழைய அழைப்பு அங்கே இருந்தால் மட்டும் மாற்று’ என்கிற கம்ப்-எக்ஸ்சேஞ்ச் கட்டளையைத்தான் பயன்படுத்தியது. பழைய அழைப்பு அங்கே இல்லை. அப்புறம் எப்படிக் கெட்டது? எக்ஸ்86இல் அந்தக் கட்டளை, ஒப்பீடு தோற்றாலும், படித்த மதிப்பையே திருப்பி எழுதும். சாதாரண நினைவகத்தில் இதனால் எந்த மாற்றமும் தெரியாது. சாதனத்தின் முகவரியில் எழுதுவதோ, அந்தச் சாதனத்துக்கு இடும் உத்தரவு. 2.6.27 வெளியான சில நாட்களில் வந்த 2.6.27.1இல் இந்த வசதியையே முடக்கினார்கள். அடுத்து வந்த வடிவத்தில், முகவரிகளைக் கம்பைல் செய்யும்போதே பட்டியல் எடுத்து வைத்துக்கொண்டார்கள்.

பழுது என்றால் ஒருநாள் சரியாகிவிடும். வாக்குறுதி அப்படியல்ல. வெளியே ஓடும் நிரல்களை உடைக்கக் கூடாது என்பது லினக்ஸைத் தொடங்கிய லினஸ் டோர்வால்ட்ஸின் அசையாத விதி. டிரேஸ்பாயின்டில் இருந்து வரும் தகவலை ஒரு நிரல் நம்பத் தொடங்கிவிட்டால், அந்தத் தகவலின் வடிவமும் வாக்குறுதி ஆகிவிடுமா? 2011இல் இந்தக் கேள்வி நேரடியாக வந்து நின்றது. பிக் கெர்னல் லாக் என்ற பழைய பெரும் லாக்கைக் கெர்னலில் இருந்து ஒருவழியாக ஒழித்துக்கட்டியிருந்தார்கள். ஒவ்வொரு டிரேஸ் பதிவின் தலைப்பிலும் அதைப் பற்றி ஒரு புலம் இருந்தது. லாக்கே இல்லையே என்று அதையும் நீக்கினார்கள். உடனே பவர்டாப் உடைந்தது. மின்சாரம் எங்கே வீணாகிறது என்று காட்டும் கருவி அது. புலங்கள் எங்கெங்கே இருக்கின்றன என்பதைக் கெர்னலே ஒரு கோப்பில் சொல்கிறது; அதைப் படிக்காமல், இடங்களைத் தன் நிரலிலேயே எழுதி வைத்திருந்தது பவர்டாப். தவறு பவர்டாப்பின் பக்கம்தான். இருந்தும் கெர்னல்தான் இறங்கி வந்தது. ஒவ்வொரு பதிவிலும் 4 பைட் வெற்றிடம் திரும்ப வந்து, சில ஆண்டுகள் அப்படியே கிடந்தது.

இந்தப் புலிவாலைப் பிடிக்கவே மாட்டேன் என்று சொன்னவர் அல் வைரோ. கோப்பு அமைப்புகளுக்கெல்லாம் பொதுவான விஎஃப்எஸ் அடுக்கைப் பராமரிப்பவர். டிரேஸ்பாயின்ட் வைத்தால் உள்ளமைப்பை நினைத்தபடி மாற்றும் சுதந்திரம் போய்விடும் என்பது அவர் வாதம். கோப்புகள் ஏன் தாமதமாகின்றன என்று தேடுபவர்களுக்கு இது பெரிய இடைஞ்சல்தான், அவர்கள் கேப்ரோப் வழியாகச் சுற்றிப் போக வேண்டியிருக்கிறது. கேப்ரோப்பை எந்த ஃபங்ஷனிலும் செருகலாம், அதற்கு எந்த வாக்குறுதியும் கிடையாது. அடுத்த பதிப்பில் அந்த ஃபங்ஷன் இல்லாமல் போனால் யாரையும் கேட்க முடியாது. நான் வைரோ பக்கம் சாய்கிறேன். நானோசெகண்டுகளைப் பொறியியலால் குறைத்துவிடலாம். கொடுத்த வாக்கை எந்தக் கம்பைலரும் நோப்பாக மாற்றித் தராது.

அண்மைய பெரிய வாதம் கெர்னலுக்கு வெளியே நடந்தது. ஒரு ஃபங்ஷனை அழைத்தது யார், அதை அழைத்தது யார் என்று பின்னோக்கிப் போக எளிய வழி, ஃபிரேம் பாயின்டர் என்ற ரெஜிஸ்டரை அதற்கென ஒதுக்குவது. வேகத்துக்காகக் கம்பைலர்கள் அதை நெடுங்காலமாக விட்டுவிட்டன. லினக்ஸ் விநியோகமான ஃபெடோராவில், எல்லாத் தொகுப்புகளையும் ஃபிரேம் பாயின்டருடன் கட்டலாம் என்று 2022இல் ஒரு முன்மொழிவு வந்தது. கெர்னலைக் கம்பைல் செய்ய 2.4 சதவீதம் கூடுதல் நேரம், பைதானில் சோதனையைப் பொறுத்து 1 முதல் 10 சதவீதம் வரை சரிவு என்று அதன் ஆதரவாளர்களே அளந்து முன்வைத்தார்கள். கருவியைத் தொடாத எல்லாப் பயனர்களும் ஏன் இதைச் சுமக்க வேண்டும் என்று எதிர்ப்பு எழுந்தது. எங்கே வீணாகிறது என்று தெரிந்தால் 2 சதவீதத்தைவிட எவ்வளவோ கூடுதலாக மீட்கலாம் என்பது பதில். முதலில் நிராகரித்தார்கள், 2023 ஜனவரியில் மறுபரிசீலனை செய்து ஏற்றார்கள். ஃபெடோரா 38 அப்படியே வந்தது. இன்னொரு விநியோகமான உபுண்டு 24.04உம் அதே வழியில் போனது.

வேடிக்கை என்னவென்றால், கெர்னல் தனக்கு எதிர்த்திசையைத் தேர்ந்தெடுத்திருந்தது. 2017இல் வந்த 4.14 கெர்னலில் ஓஆர்சி என்ற அட்டவணை முறை சேர்ந்தது. ரெஜிஸ்டரை விட்டுக்கொடுக்காமல், 2 முதல் 4 மெகாபைட் நினைவகத்தை விலையாகக் கொடுத்து அதே தகவலைப் பெறுகிறது. பயனர் நிரல்களுக்கும் இதுபோன்ற ஓர் அட்டவணை முறையாக எஸ்ஃபிரேம் உருவாகி வருகிறது. அது எல்லா இடத்துக்கும் வந்து சேர்ந்தால் ஃபெடோரா எடுத்த முடிவு தேவையற்றதாகலாம். அதுவரை அந்த 2 சதவீதத்தைக் கொடுப்பதே நியாயமான பேரம் என்று நினைக்கிறேன்.