அக்கம்ப்ளிஷ்மென்ட்: சாதனையா, கலைத்தேர்ச்சியா?

அகராதியைப் புரட்டினால் ‘அக்கம்ப்ளிஷ்மென்ட்’ (accomplishment) என்ற ஆங்கிலச் சொல்லுக்குச் ‘சாதனை’, ‘நிறைவேற்றம்’ என்று பொருள் கிடைக்கும். விளையாட்டு வீரருக்கு அது சரி. ஜார்ஜ் மன்னர்கள் காலத்து (1714–1830) இங்கிலாந்தில் வீட்டுக் கூடத்தில் பியானோ பழகிய பெண்ணுக்கு அது கொஞ்சமும் ஒட்டாது.

‘நிரப்பு’ என்னும் பொருளுடைய லத்தீன் வினை பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. தொடக்கத்தில் செய்து முடித்தலைக் குறித்த சொல், பின்னர் ஒருவரை நிறைவாக்கும் திறனையும் குறித்தது. 18-ஆம் நூற்றாண்டில் அதையே பன்மையில் சொன்னால் இசை, நடனம், ஓவியம், பிரெஞ்சு, பூத்தையல் ஆகியவை அடங்கிய ஒரு தொகுப்பு. வசதியான வீட்டுப் பெண் மணமாவதற்குள் பழகவேண்டியவை. வயலினும் புல்லாங்குழலும் பெரும்பாலும் ஆண்களுக்கு என ஒதுங்கின. பெண்ணுக்கு, விசைகளை அழுத்தி வாசிக்கும் ஹார்ப்சிகார்டு, யாழ் போன்ற ஹார்ப், பிறகு பியானோ. 1760-களில் லண்டனில் யோகானஸ் சும்பே செய்து விற்ற சிறிய சதுரப் பியானோக்கள் நடுத்தர வீடுகளுக்குள்ளும் இந்த ஆசையை நுழைத்தன.

கேலிச்சித்திரக்காரர் ஜேம்ஸ் கில்ரே இதை விட்டுவைக்கவில்லை. 1809-இல் அவர் வரைந்த படத்தில், பள்ளியிலிருந்து திரும்பிய மகளைப் பியானோ முன் உட்காரவைத்து அண்டைவீட்டாருக்குக் காட்டிப் பூரிக்கிறார்கள் ஒரு விவசாயியும் மனைவியும். 1805-இல் வரைந்த இரட்டைப் படங்கள் இன்னும் குறும்பானவை. திருமணத்துக்கு முன், அவள் ஹார்ப் மீட்ட அவன் சேர்ந்து பாடுகிறான். திருமணத்துக்குப் பின், அவள் பியானோவில் உரக்கப் பாட, அவன் முதுகைக் காட்டிக்கொண்டு காதைப் பொத்துகிறான்!

வீட்டுக்குள் மட்டுமே இதற்கு மதிப்பு. 1760-இல் ஓவியர் கெயின்ஸ்பரோ தீட்டிய படத்தில் இசைக்கலைஞர் ஆன் ஃபோர்டு, கால்மேல் கால் போட்டு, மடியில் கிட்டார் போன்ற சிட்டர்னுடன் நம் பக்கம் திரும்பாமல் அமர்ந்திருக்கிறார். பின்னால், வில்லால் வாசிக்கும் நரம்புக் கருவியான வயோலா ட காம்பா தெரிகிறது. அதே ஆண்டு அவர் பொதுமேடை ஏறினார். தடுக்க ஆனமட்டும் முயன்றவர் பெற்ற தந்தையே. உண்மையான சாதனையை எட்டியதும் அது நாகரிகக் குறைவாகிவிட்டது என்றால், ‘சாதனை’ என்று மொழிபெயர்ப்பது தலைகீழ்ப் பாடம் அல்லவா?

‘நுண்கலை’ என்றால் பிரெஞ்சும் தையலும் வெளியே நின்றுவிடும். ‘ஆய கலைகள்’ வேறோர் உலகத்துச் சரக்கு. நான் பரிந்துரைப்பது ‘கலைத்தேர்ச்சி’. கலை என்ற சொல்லுக்குக் கல்வி என்ற பொருளும் உண்டாகையால் பிரெஞ்சும் இதில் அடங்கும். ‘அக்கம்ப்ளிஷ்டு லேடி’ வரும் இடத்தில் ‘கலை நிரம்பிய பெண்’ எனலாம். லத்தீன் வேரின் ‘நிரப்பு’ம் அதில் தங்கும். கில்ரே படத்துக்கு விளக்கக் குறிப்பு எழுதுவோர் மட்டும் ‘கலை நிரம்பிய’ என்பதை மேற்கோள் குறிக்குள் போட்டுக்கொள்ளட்டும்.