பீரங்கிக் குண்டை விழுங்கிய மண்மதில்

1754 தொடக்கத்தில் மராத்தியப் படை கும்ஹேர் கோட்டையை வளைத்தது. இன்றைய ராஜஸ்தானில் பரத்பூர் பக்கம் இருக்கும் ஊர். உள்ளே ஜாட் சமூகத்தின் தலைவர் சூரஜ்மல். வெளியே ரகுநாத ராவ், மல்ஹர் ராவ் ஹோல்கர், ஜயப்பா சிந்தியா. டெல்லியைச் சுற்றியுள்ள சீமையில் யார் கை ஓங்குவது என்பதுதான் சண்டை. மாதக்கணக்கில் முட்டியும் கோட்டை விழவில்லை. மதிலோ வெறும் மண். விழாததற்கு முக்கியக் காரணமும் அந்த மண்தான்.

11 கிலோ இரும்புக் குண்டு ஒன்று வினாடிக்கு 400 மீட்டர் வேகத்தில் வருகிறது என்று வையுங்கள். அதன் இயக்க ஆற்றல் கிட்டத்தட்ட 9 லட்சம் ஜூல். கல்லில் மோதினால் உள்ளே ஓர் அழுத்த அலை ஓடும். மறுபக்கம் முட்டித் திரும்பும்போது அது இழுவிசை அலையாகிவிடும், அதாவது கல்லைப் பிய்த்து இழுக்கும் அலை. கல் அழுத்தத்தைத் தாங்கும், இழுவையைத் தாங்காது. விரிசல் விடும். மதிலின் கீழ்ப்பகுதியையே பார்த்துச் சுட்டுக்கொண்டிருந்தால் ஒரு கட்டத்தில் மேல்பாரம் தானாகச் சரியும். சரிந்த கல்குவியலே எதிரி ஏறிவரப் படிக்கட்டு.

மண்ணில் இந்த வித்தை பலிக்காது. அது ஏற்கெனவே பொடிப்பொடியாக இருப்பது. விரிசல் ஓட வழியில்லை. துகள்கள் ஒன்றோடொன்று உரசி, ஆற்றல் வெப்பமாகத் தீர்ந்துபோகும். குண்டு சில அங்குலத்தில் நிற்காமல் ஒன்றிரண்டு மீட்டர் புதைந்து நிற்பதால், மதில் வாங்கும் விசையும் அந்த அளவுக்குக் குறைவு. மேல்மண் சரிந்து துளையையும் அடைத்துவிடும். மிச்சத்தை ராத்திரியில் மண்வெட்டியும் கூடையும் பார்த்துக்கொள்ளும்.

மராத்தியர் பலம் குதிரைப்படை. கனமான பீரங்கி கைவசம் இல்லை. டெல்லியில் கேட்டுப் பார்த்தும் கிடைக்கவில்லை. மார்ச்சில் மல்ஹர் ராவின் மகன், பின்னாளில் ஹோல்கர் நாட்டை ஆண்ட அகில்யாபாயின் கணவர் கண்டே ராவ், கோட்டையிலிருந்து வந்த குண்டுக்குப் பலியானார். கோட்டை மண்ணை யமுனையில் கொட்டுவேன் என்று தகப்பன் சபதம் போட்டதாகச் சொல்வார்கள். மண்மதிலுக்குத் தண்ணீர்தான் எதிரி. கோபத்திலும் சரியாகத்தான் சொல்லியிருக்கிறார்! கடைசியில் மே மாதம் பணம் பேசிச் சமாதானமானார்கள்.

சூரஜ்மலின் பரத்பூர் கோட்டையிலும் இதே மண்வேலைதான். 1805இல் ஆங்கிலேயத் தளபதி லேக் நான்கு முறை மோதித் தோற்றார். 1826இல்தான் வேறு வழி பிடித்தார்கள்: மதிலுக்கு அடியில் சுரங்கம் தோண்டி வெடிமருந்தை நிரப்பினார்கள். வெளியிலிருந்து வரும் குண்டை நிறுத்திய அதே மண்பாரம், இப்போது வெடித்த வாயுவை வெளியேற விடாமல் அடைத்துப் பிடித்தது. போக வழியில்லாத அழுத்தம் மதிலையே தூக்கி எறிந்தது.