ரேஷன் கணக்கை வரவழைக்கும் அதிகாரம்: மனுவில் எதைக் கேட்பது?

பாலாற்றங்கரையில் ஒரு கிராமம். பீடி சுற்றும் ஆயா ஒருவரின் போனுக்கு மாதக் கடைசியில் குறுஞ்செய்தி வந்தது: அரிசி 20 கிலோ, சர்க்கரை, பருப்பு வாங்கியாச்சு. பேத்திதான் படித்துச் சொன்னாள். "கைய வெச்சேன், மெஷின் எடுக்கல, நாளைக்கு வான்னாங்கபா. மறுநாள் போனா பில் போட்டாச்சுன்றாங்க" என்றார் ஆயா. வருடக்கணக்கில் இலையும் தூளும் உருட்டித் தேய்ந்த விரல். ரேகை விழாததில் ஆச்சரியம் இல்லை. ரேகை விழாமல் பில் எப்படி விழுந்தது என்பதுதான் கேள்வி.

மனு எழுதிக் கொடுத்தவன் நான்தான். "தக்க நடவடிக்கை எடுக்குமாறு பணிவன்புடன் கேட்டுக்கொள்கிறேன்" என்று முடித்திருந்தேன். மூன்று முறை அலைந்த பிறகு ஒருவர் கணினியைத் திருப்பிக் காட்டினார்: "ஆன்லைன்ல வாங்கினதாத்தான் காட்டுது." புகார் நிரூபிக்கப்படவில்லை, மனு முடித்துவைக்கப்பட்டது. எந்தக் கணக்கைப் பார்க்க வேண்டும் என்று நான் எழுதவில்லை, அவர்களும் பார்க்கவில்லை.

கணக்கை வரவழைக்கும் அதிகாரம் சட்டத்தில் தாராளமாகவே இருக்கிறது. தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம் 2013-இல் வந்தது, தமிழ்நாட்டில் 2016 நவம்பர் முதல் நடப்பில் இருக்கிறது. அதன் 20-ஆம் பிரிவு, புகாரையோ மேல்முறையீட்டையோ விசாரிக்கும்போது மாநில உணவு ஆணையத்துக்கு உரிமையியல் நீதிமன்றத்தின் அதிகாரத்தைத் தருகிறது. ஆளுக்குச் சம்மன் அனுப்பலாம், சத்தியம் செய்யவைத்து விசாரிக்கலாம், எந்த அலுவலகத்திலிருந்தும் பதிவேட்டை வரவழைக்கலாம். 27-ஆம் பிரிவு இன்னும் ஒரு படி மேலே போய், பொது விநியோக ஆவணங்கள் எல்லாம் மக்கள் பார்வைக்குத் திறந்திருக்க வேண்டும் என்கிறது. கடையில் போய் இதைச் சொன்னால் சிரிப்பார்கள். ஆனால் மனுவில் எழுதினால் சிரிக்க முடியாது.

மத்திய தணிக்கைத் துறைக்கும் 1971-ஆம் வருடச் சட்டத்தின் 18-ஆம் பிரிவில் இதே மாதிரி அதிகாரம் உண்டு. கணக்குப் புத்தகங்களைத் தாங்கள் சொல்லும் இடத்துக்கு அனுப்பச் சொல்லலாம். ஆனால் தணிக்கைக்காரர்கள் அரசின் செலவைப் பார்க்க வருகிறவர்கள். உங்கள் ஒரு மூட்டை அரிசியை மீட்டுத் தருவது அவர்கள் வேலையில் வராது. "ஆடிட்ல எல்லாம் சரியா இருக்கு" என்று யாராவது சொன்னால் அதை உங்கள் புகாருக்குப் பதிலாக எடுத்துக்கொண்டு திரும்பி வராதீர்கள்.

இனி எங்கெல்லாம் கால் இடறும் என்று பார்ப்போம். முதல் கண்ணி உங்கள் அட்டையிலேயே இருக்கிறது. ஸ்மார்ட் கார்டின் முன்பக்கத்தில் ஆங்கில எழுத்தில் பி.எச்.எச். என்றோ என்.பி.எச்.எச். என்றோ போட்டிருக்கும். முதலாவது முன்னுரிமைக் குடும்பம். ஆளுக்கு மாதம் 5 கிலோ என்பது மத்தியச் சட்டமே தரும் உரிமை. பரம ஏழைக் குடும்பங்களுக்கான அந்தியோதயா அட்டைக்கு 35 கிலோ. இரண்டாவது, முன்னுரிமை இல்லாத குடும்பம். அந்த வகைக்கும் நம் ஊரில் அரிசி கிடைக்கிறது, ஆனால் அதைத் தருவது மாநில அரசின் சொந்த ஏற்பாடு. அந்த அட்டையோடு உணவு ஆணையத்துக்குப் போனால், "இது இந்தச் சட்டத்தில் வராது" என்று ஒரே வரியில் தள்ளிவிட இடம் இருக்கிறது. என்.பி.எச்.எச். அட்டைக்காரர்கள் தகவல் உரிமை வழியாகப் போவதே நல்லது.

முன்னுரிமை அட்டை வைத்திருப்பவர்கள் செய்யும் தவறு வேறு. கோபத்தில் நேரே சென்னைக்கு, ஆணையத்துக்கே எழுதிவிடுகிறார்கள். எழுதலாம், தடையில்லை. ஆனால் 33-ஆம் பிரிவின் அபராதம், அதிகபட்சம் 5,000 ரூபாய், எப்போது விழும் தெரியுமா? மாவட்டக் குறைதீர் அலுவலர் (இந்தச் சட்டப்படி மாவட்டத்தில் புகாரை விசாரிப்பவர்) பரிந்துரைத்த நிவாரணத்தைத் தராதபோது, அல்லது அவர் பரிந்துரையை வேண்டுமென்றே கண்டுகொள்ளாதபோதுதான். மாவட்டத்தில் உத்தரவே வாங்காமல் மேலே போனால் அபராதம் போட ஆணையத்துக்குப் பிடி கிடைக்காது. ஆகவே முதல் மனுவை, 'மாவட்டக் குறைதீர் அலுவலர், உணவுப் பாதுகாப்புச் சட்டம் 15-ஆம் பிரிவின் கீழ்' என்று தலைப்பிட்டு கலெக்டர் ஆபீஸில் கொடுங்கள். வெறும் 'கலெக்டர் ஐயா அவர்களுக்கு' என்று திங்கட்கிழமைக் கூட்டத்தில் கொடுத்தால், அது சுற்றிச் சுற்றி யார்மேல் புகாரோ அவர் மேஜைக்கே வரும்.

எந்த கலெக்டர் ஆபீஸ் என்பதும் ஒரு கேள்விதான். 2019-இல் நம் வேலூர் மாவட்டம் மூன்றாகப் பிரிந்தது. ஆற்காடு, வாலாஜா, அரக்கோணம் ஆட்கள் ராணிப்பேட்டைக்குப் போக வேண்டும். ஆம்பூர், வாணியம்பாடி ஆட்களுக்குத் திருப்பத்தூர். பழக்கத்தில் இன்னும் வேலூர் கலெக்டர் ஆபீஸ் இருக்கும் சத்துவாச்சாரிக்கு பஸ் ஏறி வந்து, பாதி நாள் நின்று, "உங்களுக்கு இங்க இல்ல" என்று கேட்டுத் திரும்புகிறவர்களை நானே பார்த்திருக்கிறேன். வாசலில் ஒரு பலகை வைத்தால் தீரும் விஷயம்.

அப்புறம் தகவல் உரிமை மனு. நம் பக்கம் பெரும்பாலான கடைகளைக் கூட்டுறவுச் சங்கங்கள் நடத்துகின்றன. சங்கத்துக்கு மனு அனுப்பினால், "சங்கம் தகவல் உரிமைச் சட்டத்தில் வராது" என்று ஒரு உச்ச நீதிமன்றத் தீர்ப்பைக் காட்டிப் பதில் வரும். தீர்ப்பு உண்மைதான், 2013-இல் வந்தது. அதனால் சங்கத்தோடு மல்லுக்கட்ட வேண்டாம். தாலுகா வழங்கல் அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்கு அனுப்புங்கள். அது அரசு அலுவலகம், மறுக்க முடியாது. 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்பை ஒட்டினால் போதும்.

மனுவில் 'ஏன்' என்ற சொல்லே வரக்கூடாது. "ஏன் எனக்கு அரிசி தரவில்லை?" என்று கேட்டால், காரணம் சொல்வது தகவல் ஆகாது என்று கைகழுவுவார்கள். ஏற்கெனவே எழுதிவைத்திருக்கும் காகிதத்தைக் கேளுங்கள். ஆயாவுக்காக இரண்டாம் முறை நான் எழுதியது இப்படி: இன்ன எண் அட்டைக்கு இன்ன மாதம் போட்ட பில், அதன் தேதி, நேரம், கைரேகையில் போட்டதா ஓ.டி.பி.யில் போட்டதா அல்லது வேறு வழியா என்ற விவரம். அந்தக் கடையின் அந்த மாத இருப்புப் பதிவேட்டின் நகல். கிடங்கிலிருந்து கடைக்கு எத்தனை மூட்டை, எந்தத் தேதியில் வந்தது என்பதற்கான சீட்டு. கூடவே ஒரு வரி: "பதிவேட்டை நேரில் பார்வையிடவும் விரும்புகிறேன்." பார்வையிட முதல் ஒரு மணி நேரத்துக்குக் கட்டணம் கிடையாது. அடித்தல் திருத்தல், புது மையில் எழுதிய பழைய தேதி எல்லாம் நகலில் தெரியாது, நேரில் பார்த்தால் தெரியும்.

பக்கத்து வீட்டு அட்டைகளின் விவரத்தையும் சேர்த்துக் கேட்காதீர்கள். தனிநபர் தகவல் என்று மொத்த மனுவையும் மூடிவிடுவார்கள். உங்கள் அட்டையும் கடையின் மொத்தக் கணக்கும் போதும்.

30 நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் அதே துறையின் மேல்முறையீட்டு அலுவலருக்கு எழுதுங்கள். பலர் இந்த இடத்தில் இரண்டு மூன்று மாதம் காத்திருந்து கெடுவை விட்டுவிடுகிறார்கள். "ஃபைல் மேல போயிருக்கு, கூப்பிடுவாங்க" என்ற வார்த்தையை நம்பி நாள் கடத்த வேண்டாம். யாரும் கூப்பிட மாட்டார்கள்.

பதிவேட்டைக் கேட்ட மனு போய்ச் சேர்ந்ததும் ஒரு விஷயம் நடக்கும். பதிலுக்கு முன்னால் ஆள் வருவார். ஆயா வீட்டுக்கும் வந்தார்கள். சாயங்காலம், ஒரு டிவிஎஸ் வண்டியில் அரிசி மூட்டை. "எதுக்கு ஆயா பெரிய எடத்துக்கெல்லாம் எழுதிக்கிட்டு" என்று விசாரிப்பு. கூடவே தட்டச்சு செய்த ஒரு தாள். புகார் தவறுதலாகக் கொடுக்கப்பட்டது, திரும்பப் பெற்றுக்கொள்கிறேன் என்று அதில் இருந்தது. மெஷினில் விழாத அதே விரலை மைப்பெட்டியில் தோய்த்து ஆயா வைத்தார். அச்சு நன்றாகவே விழுந்தது. எனக்குத் தெரிந்தது மறுநாள்தான்.

அரிசி உங்களுடையது, வாங்கிக்கொள்ளுங்கள். தாளை மட்டும் படிக்காமல் தொடாதீர்கள். படிக்கத் தெரியாதவர்கள், பள்ளிக்கூடம் விட்டுப் பிள்ளை வரட்டும் என்று சொல்லிவிடலாம். ஏதாவது எழுதித்தான் ஆக வேண்டும் என்றால், "இன்ன மாதத்து அரிசி 20 கிலோ, இன்ன தேதியில், வீட்டில் கொடுத்தார்கள், பெற்றுக்கொண்டேன்" என்று எழுதி, போனில் அதை ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். போன மாதமே கொடுத்துவிட்டதாக பில் சொல்கிறது, இந்த மாதம் கொடுத்ததாக இந்தத் தாள் சொல்லும். இரண்டையும் சேர்த்து மாவட்டக் குறைதீர் அலுவலரிடம் கொடுங்கள்.